கிறீன் கார்ட் கிடைக்கும்வரை வேலை மாறுவது எப்படி: அமெரிக்காவில் உள்ள திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் இங்குள்ள பெற்றோருக்கும்

அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிகத் தொழில் விசாவில் வேலை செய்துகொண்டு, கம்பனி மூலமாக நிரந்தர வதிவுரிமைக்கு, அதாவது கிறீன் கார்டுக்கு, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி எழும் கேள்வி, இடையில் வேலை மாறலாமா என்பதுதான். விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை மாறும். திருகோணமலையில் இருந்து பிறப்பு, விவாகப் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், அவசரப்பட்டு இராஜினாமாக் கடிதம் கொடுத்தபின் வழி தேடுபவர்களையும், மாறக்கூடிய நிலை வந்த பின்னும் பயத்தினால் மோசமான இடத்தில் ஆண்டுக்கணக்காக இருப்பவர்களையும் நான் பார்க்கிறேன். இரு சாராருக்கும் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன். ஒவ்வொருவரின் கோவையிலும் தனி நுணுக்கங்கள் இருக்கும் ஆதலால், இதை வாசித்த பின் அமெரிக்க மாநிலம் ஒன்றில் பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டே முடிவெடுங்கள். கொழும்பிலோ இங்கோ உள்ள முகவர் எவரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இரண்டு தனித்தனிக் கணக்குகள்

முதலில் மனதில் பதிய வேண்டியது, இன்று அந்த நாட்டில் இருக்கவும் வேலை செய்யவும் உங்களுக்குள்ள அனுமதி வேறு, நிரந்தர வதிவுரிமை வரிசையில் உங்களுக்குள்ள இடம் வேறு என்பதாகும். வேலை இழந்த ஒருவருக்கு அனுமதி சில வாரங்களில் முடிந்துபோகலாம், ஆனால் வரிசையில் அவருடைய இடம் அப்படியே இருக்கலாம். மாறாக, முறைப்படி புதிய கம்பனிக்கு மாறிய ஒருவருக்கு அனுமதியில் ஒரு குறையும் இராது, ஆனால் தவறான வேளையில் மாறியிருந்தால் வரிசையில் அவர் திரும்பவும் கடைசிக்குப் போய்விடுவார். வேலை மாறும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரிசையில் இடம் பிடிப்பது மூன்று படிகளில் நடக்கிறது. கம்பனி முதலில் தொழிற் திணைக்களத்திடம், இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று விளம்பரம் செய்து காட்டி, பேர்ம் எனப்படும் தொழிற் சான்றைப் பெறும். அது கிடைத்து 180 நாட்களுக்குள் ஐ-140 என்ற மனுவைக் குடிவரவுச் சேவையிடம் தாக்கல் செய்யும். விசா இலக்கம் கிடைக்கும் நிலை வந்ததும் நீங்கள் ஐ-485 என்ற விண்ணப்பத்தை உங்கள் பெயரிலும் துணைவர், பிள்ளைகள் பெயரிலும் கொடுப்பீர்கள். பேர்ம் தாக்கல் செய்யப்பட்ட நாளே பெரும்பாலோருக்கு முன்னுரிமைத் திகதி ஆகும். வெளிவிவகாரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் விசா புலட்டினில் உள்ள திகதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்தத் திகதியைத்தான். பேர்ம் படியின் சட்டத்தரணிக் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் கம்பனியே ஏற்க வேண்டும் என்பது 2007 முதல் உள்ள விதி. வேலையை விட்டுப் போனால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்பவர்களுக்கு அடிபணிய வேண்டியதில்லை.

அனுமதியின் கணக்கு ஐ-94 என்ற பதிவில் இருக்கிறது. கடவுச்சீட்டில் ஒட்டியுள்ள விசா, நாட்டின் வாசலுக்குப் போய் நுழைவதற்கு மட்டும் உரியது; எதுவரை தங்கலாம் என்பதை ஐ-94 இல் உள்ள திகதியே சொல்லும். இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கம்பனி பெற்றுத் தந்த எச்-1பி அங்கீகாரக் கடிதத்தில் 2028 என்று போட்டிருக்கும். ஆனால் ஊருக்கு வந்து திரும்பும்போது கடவுச்சீட்டு 2027 இல் காலாவதியாவதைக் கண்ட அதிகாரி ஐ-94 ஐ 2027 வரைக்கும் வெட்டிக் கொடுத்திருப்பார். கடிதத்தை நம்பி இருப்பவர், ஒரு நாள் விழித்துப் பார்க்கும்போது அனுமதி முடிந்து மாதங்கள் கடந்திருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் நாட்டுக்குள் நுழைந்த பின் எல்லைக் காவல் இணையத்தளத்தில் ஐ-94 ஐ எடுத்துப் பாருங்கள். நாட்டுக்குள்ளேயே நீடிப்புப் பெற்றவர்கள், அங்கீகாரக் கடிதத்தின் அடிப்பகுதியில் கிழித்தெடுக்கும் துண்டாக வரும் ஐ-94 ஐக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். கடவுச்சீட்டு முடிய ஓர் ஆண்டுக்கு முன்னரே வாஷிங்டனில் உள்ள எங்கள் தூதரகம் மூலம் புதியதற்கு விண்ணப்பிப்பது நல்லது. வீடு மாறினால் 10 நாட்களுக்குள் புதிய முகவரியைக் குடிவரவுச் சேவைக்கு அறிவிப்பதும் சட்டக் கடமைதான்.

எங்கே பிறந்தீர்கள் என்பது

வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000 விசாக்கள் உண்டு. குடும்பத்தினரும் இந்தத் தொகைக்குள்ளேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வைக்கப்பட்டுள்ள எல்லையினால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இரண்டாம் வகுப்பு (பெரும்பாலும் முதுமாணி போன்ற உயர் பட்டம் வேண்டிய வேலைகள்), மூன்றாம் வகுப்பு (பெரும்பாலும் பட்டமோ தொழிற் பயிற்சியோ வேண்டிய வேலைகள்) வரிசைகள் பத்தாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. இலங்கையில் பிறந்தவர்கள் விசா புலட்டினில் இந்தியாவுக்கு உள்ள நிரலில் இல்லை. தனியே பெயர் குறிப்பிடப்படாத நாடுகளுக்கான பொது நிரலில் இருக்கிறோம். அந்த நிரலிலும் 2022 டிசெம்பர் புலட்டினில் இரண்டாம் வகுப்புக்கு வெட்டுத் திகதி (இந்த நாளுக்கு முந்திய முன்னுரிமைத் திகதி உள்ளவர்களுக்கே முறை வரும் என்ற எல்லை) வந்தது, ஆனால் அங்கே காத்திருப்பு இந்திய வரிசையின் நீளத்துக்குக் கிட்டவும் வராது. அலுவலகத்தில் தமிழ்நாட்டு, ஆந்திர நண்பர்கள் அன்போடு சொல்லும் ஆலோசனை, அவர்களுடைய வரிசைக்குச் சரியானது. ஐ-140 கிடைத்ததும் தாராளமாக மாறு, எப்படியும் பல ஆண்டு காத்திருக்கத்தானே வேண்டும் என்று அவர்கள் சொல்வது, இன்னும் ஓராண்டில் ஐ-485 கொடுக்கக்கூடிய எங்கள் பிள்ளைக்குப் பெரிய நட்டமாக முடியலாம்.

இங்கே நின்று நிதானித்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கணக்கில் எடுக்கப்படுவது குடியுரிமை அல்ல, பிறந்த இடம். 1983 க்குப் பின்னரும் 1990 இலும் மூதூர், சம்பூர், குச்சவெளி, நிலாவெளிப் பக்கங்களில் இருந்து கடல் கடந்து தமிழகம் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பிறந்தவர்கள். குடும்பம் ஊர் திரும்பி, பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை பதிவு செய்து, இலங்கைக் கடவுச்சீட்டில் அமெரிக்கா போயிருந்தாலும், அவர் இந்தியாவின் வரிசையிலேயே முதலில் வைக்கப்படுவார். இதற்குச் சட்டத்திலேயே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, துணைவர் இலங்கையில் பிறந்தவராக இருந்தால், அவருடைய நாட்டின் கணக்கில் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் பிறந்த தமிழரை மணந்த எங்கள் பிள்ளைகளின் குடும்பத்துக்கும் இதே வழி பயன்படும். மற்றது, பெற்றோர் இருவருமே அந்த நாட்டில் பிறக்காதவர்களாகவும், பிள்ளை பிறந்த வேளையில் அங்கே வதிவிடம் கொள்ளாதவர்களாகவும் இருந்தால், பெற்றோரில் ஒருவரின் பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்க்கும்படி கோரலாம். முகாமில் இருந்த காலம் வதிவிடம் ஆகுமா என்பது சட்டத்தரணி வாதிட வேண்டிய விடயம். அந்த வாதத்துக்கு வேண்டியவை இங்கே பெற்றோரின் அலுமாரியில் இருக்கின்றன: முகாமில் கொடுத்த அகதி அட்டை, அவர்களுடைய இலங்கை அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், நாடு திரும்பியபோது கிடைத்த கடிதங்கள். பழையது என்று எதையும் வீசிவிட வேண்டாம். பிறந்த இடத்தை மறைத்துத் திருகோணமலை என்று எழுதுவதோ, பொய்த் தகவல் தந்ததாகக் கொள்ளப்பட்டு ஆயுள் முழுவதும் நுழைவு மறுக்கப்படும் நிலைக்கே கொண்டுபோய்விடும்.

எந்தப் படியில் நிற்கும்போது மாறுவது

ஐ-140 அங்கீகரிக்கப்படுவதற்கு முன் மாறினால், வரிசையில் எதுவும் மிஞ்சாது. புதிய கம்பனி பேர்மில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். எச்-1பியில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இருப்பவருக்கு இது தாங்கக்கூடிய இழப்பு. நல்ல இடம் கிடைத்தால் போவதில் தவறில்லை. ஐந்தாம் ஆண்டில் இருப்பவருக்கு அப்படியல்ல. எச்-1பி மொத்தம் ஆறு ஆண்டுகளே. அதற்கு மேல் ஓராண்டு நீடிப்புப் பெறுவதற்கு பேர்ம் அல்லது ஐ-140 தாக்கல் செய்து 365 நாட்கள் கடந்திருக்க வேண்டும். மூன்றாண்டு நீடிப்புக்கு, ஐ-140 அங்கீகரிக்கப்பட்டு, முன்னுரிமைத் திகதி இன்னும் வராமல் இருக்க வேண்டும். எனவே ஐந்தாம் ஆண்டில் மாற விரும்புவோர், புதிய கம்பனி எந்த மாதத்தில் பேர்ம் தொடங்கும் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. ஊரில் வந்து நின்ற நாட்கள் ஆறு ஆண்டுக் கணக்கில் சேராது, அவற்றைத் திரும்பப் பெறலாம் என்பதால், பயணத் திகதிகளையும் குறித்து வையுங்கள்.

ஐ-140 அங்கீகரிக்கப்பட்ட பின் முன்னுரிமைத் திகதி உங்களுடையது. மோசடியோ, பெரும் பிழையோ காரணமாக அது இரத்துச் செய்யப்பட்டாலன்றி, பின்னால் எந்தக் கம்பனி மூலம் விண்ணப்பித்தாலும் பழைய திகதியையே பயன்படுத்தலாம். அங்கீகாரம் கிடைத்து 180 நாட்கள் ஆகிவிட்டால், பழைய கம்பனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் அது தானாக இரத்தாகாது. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட எச்-1பி நீடிப்புக்கும் அதைக் காட்டலாம். இது 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி. அந்த 180 நாட்கள் ஆகுமுன் கம்பனி திரும்பப் பெற்றால், திகதி மிஞ்சும், நீடிப்பு உரிமை மிஞ்சாது. ஆயினும் எந்த நிலையிலும் புதிய கம்பனி தன் பங்குக்குப் புதிய பேர்மும் புதிய ஐ-140 உம் செய்யவே வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஐ-140 கம்பனியின் மனு ஆகையால், அதன் பிரதியைச் சில இடங்களில் தொழிலாளிக்குக் காட்டுவதே இல்லை. உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே அங்கீகாரக் கடிதத்தின் பிரதியையும், வேலைக் கடமைகள் எழுதப்பட்ட பேர்ம் படிவத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் குடிவரவுச் சேவையிடம் கேட்கலாம், அதற்குக் காலம் எடுக்கும்.

ஐ-485 கொடுத்த பின் நிலை வேறு. 2000 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, அந்த விண்ணப்பம் 180 நாட்கள் நிலுவையில் இருந்தால், அதே அல்லது ஒத்த தொழில் வகையைச் சேர்ந்த வேறு வேலைக்கு மாறலாம். பேர்மையும் ஐ-140 ஐயும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. நாட்களை எண்ண வேண்டியது, நீங்கள் தபாலில் போட்ட நாளில் இருந்து அல்ல, பற்றுச்சீட்டுக் கடிதத்தில் போட்டுள்ள பெற்றுக்கொண்ட திகதியில் இருந்து. ஒத்த வேலையா என்பதைப் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். பேர்ம் படிவத்தில் எழுதிய கடமைகள், தேவைப்பட்ட கல்வி, தொழில் திணைக்களத்தின் வகைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைப் புதிய வேலையோடு ஒப்பிடுவார்கள். மென்பொருள் எழுதியவர், மென்பொருள் எழுதுவோரை மேற்பார்வை செய்யும் பதவிக்கு உயர்வதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவரே விற்பனைப் பிரிவுக்குப் போனால் சிக்கல். சம்பளம் கூடியதால் மட்டும் குற்றமில்லை. புதிய கம்பனி கையொப்பமிட்ட ஐ-485 இன் இணைப்பு ஜே படிவத்தை அனுப்புவதே மாற்றத்தை அறிவிக்கும் முறை.

என்னுடைய திடமான எண்ணம் இது: இலங்கையில் பிறந்தவரின் முன்னுரிமைத் திகதி வெட்டுத் திகதிக்குக் கிட்ட வந்துவிட்டதென்றால், இருக்கும் இடம் கொஞ்சம் கசந்தாலும், ஐ-485 கொடுத்து 180 நாட்கள் முடியும்வரை பொறுத்திருப்பதே இலாபம். சம்பளம் கொடுக்காத, துன்புறுத்துகிற இடத்துக்கு இது பொருந்தாது. கம்பனி வேலை கொடுக்காமல் இருத்தி வைக்கும் காலத்திலும் எச்-1பி தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கம்பனி கடமைப்பட்டது. சம்பளச் சிட்டை இல்லாத மாதங்கள் பின்னால் உங்கள் நிலையையே கேள்விக்குள்ளாக்கும்.

மாறும் முறையைப் பொறுத்தவரை, எச்-1பியில் இருப்பவர் புதிய கம்பனியின் மனு தாக்கலான உடனேயே அங்கு வேலை தொடங்கச் சட்டம் இடமளிக்கிறது. இருந்தும், மேலதிகக் கட்டணம் செலுத்தினால் 15 வேலைநாட்களில் முடிவு தெரியும் வசதி இருக்கும்போது, அங்கீகாரம் வந்த பின் இராஜினாமா செய்வதே பாதுகாப்பு. ஐ-485 உடன் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையில் மாறுவது இலகுவாகத் தோன்றும், ஆனால் அந்த அட்டையில் புதிய இடத்தில் வேலை தொடங்கினால் எச்-1பி நிலை உங்களுக்கும், அதைச் சார்ந்த எச்-4 நிலை துணைவருக்கும் போய்விடும். ஐ-485 மறுக்கப்பட்டால் திரும்ப ஒதுங்க இடமில்லை. 2025 ஒக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு அந்த அட்டை தானாக நீடிக்கும் சலுகையும் நிறுத்தப்பட்டதால், புதிய அட்டை வரத் தாமதித்தால் வேலையை நிறுத்தி வீட்டில் இருக்க நேரும். எச்-1பி நீடிப்பு மனுவை உரிய காலத்தில் கொடுத்தவர் முடிவு வரும்வரை அதே கம்பனியில் 240 நாட்கள் வேலை செய்யலாம். முடிந்தவரை எச்-1பியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான். அட்டையை நம்பியே இருப்பவர்கள், அது முடிய 180 நாட்கள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வேலை போய்விட்டால்

வேலை முடிந்த மறுநாளில் இருந்து 60 நாட்கள், அல்லது ஐ-94 முடியும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை நாட்டில் இருக்கலாம். வேலை செய்ய முடியாது. பொதுவாகச் சம்பளம் கிடைத்த கடைசி வேலை நாளையே வேலை முடிந்த நாளாகக் கொள்வார்கள், விலகல் கொடுப்பனவாகத் தரும் பணம் அதை நீட்டாது. அந்த 60 நாட்களுக்குள் புதிய கம்பனி எச்-1பி மனு தாக்கல் செய்தால் போதும், அங்கீகாரம் அதற்குள் வர வேண்டும் என்பதில்லை. அது முடியாதென்று தெரிந்தால், துணைவர் எச்-1பியில் இருந்தால் எச்-4 க்கு, இல்லையேல் வருகையாளர் நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். இங்குள்ள பெற்றோர், வெட்கப்பட்டுப் பிள்ளை மறைப்பதை உணர்ந்தால், கண்டிக்காமல் முதலில் திகதியைக் கேளுங்கள். அந்த நேரத்தில் காலண்டர்தான் முக்கியம்.

ஐ-485 நிலுவையில் உள்ளவருக்கு இந்த 60 நாள் நெருக்கடி இல்லை; விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தங்கியிருக்க அனுமதி உண்டு. ஐ-485 கொடுத்து 180 நாட்கள் ஆகுமுன் வேலை போனாலும் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அங்கீகரித்த ஐ-140 திரும்பப் பெறப்படாமல், முடிவும் வராமல் 180 நாட்கள் கடந்தால், ஒத்த வேலை ஒன்றைக் காட்டித் தொடர இடம் இருக்கிறது. கடைசியாகச் சட்டப்படி நாட்டுக்குள் நுழைந்ததன் பின் நிலை தவறிய நாட்கள் மொத்தம் 180 ஐத் தாண்டாதிருந்தால், வேலை அடிப்படையிலான விண்ணப்பதாரருக்கு அது மன்னிக்கப்படும். அனுமதி முடிந்தபின் 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டுக்கு மேல் தங்கினால் பத்து ஆண்டுகளும் திரும்ப நுழைய முடியாது.

ஊருக்கு வந்து போவது

கோணேசர் கோயில் திருவிழாவுக்கோ, அம்மாவின் சத்திரசிகிச்சைக்கோ வர நினைப்பது இயல்பு. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, முன்கூட்டிய பயண அனுமதிப் பத்திரம் கையில் கிடைக்காமல் நாட்டைவிட்டுப் புறப்பட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எச்-1பி, எச்-4 நிலையைக் காத்து, செல்லுபடியான விசாவோடு திரும்புவோர் மட்டும் இதற்கு விலக்கு. விசா ஒட்டு முடிந்தவர் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போக வேண்டும்; குடியுரிமை அல்லது வதிவிடம் உள்ள நாட்டிலேயே விண்ணப்பிக்கும்படி 2025 செப்டெம்பரில் அறிவித்துவிட்டதால், சென்னையில் முடித்துக்கொண்டு வரலாம் என்று திட்டமிட வேண்டாம். 2025 டிசெம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரரின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்வையிடுகிறார்கள். மேலதிகச் சரிபார்ப்பு என்று கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தால் வாரங்கள் மாதங்கள் ஆகலாம். வேலை மாறிய உடனும், மாறும் மனு நிலுவையில் இருக்கும்போதும், தவிர்க்க முடியாத தேவையன்றிப் பயணம் செய்யாமல் இருப்பது நல்லது.

இங்கிருந்து அனுப்ப வேண்டியவை

ஐ-485 க்குப் பிறப்புப் பத்திரம் கட்டாயம். பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில், நகரத்தவர் என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், பதிவு இலக்கத்தைக் கொடுத்து புதிதாக அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். வீட்டில் மடித்து வைத்த பழைய பிரதியில் மடிப்பு விழுந்த இடத்தில் திகதி அழிந்திருக்கும், அதை அனுப்பி விளக்கம் கேட்கும் கடிதத்தை வரவழைக்க வேண்டாம். பிறந்து ஓராண்டுக்குப் பின் பதிந்த பிறப்பென்றால், அல்லது உத்தேச வயதுப் பத்திரம் மட்டுமே இருந்தால், அதோடு பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் போன்ற அக்காலத்து ஆதாரங்களையும் சேர்க்க வேண்டும். 2004 சுனாமியிலும் 2006 இல் சம்பூர் இடம்பெயர்விலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள், பதிவேட்டிலும் இல்லையென்றால், இல்லை என்பதைத் தெரிவிக்கும் கடிதத்தைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் எழுத்தில் பெற்று, பிறப்பை நேரில் அறிந்த இருவரின் சத்தியக் கடதாசிகளையும் இணைக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராக ஆச்சியோ பெரியம்மாவோ இருந்தால், அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

தகப்பனின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் இராசையா என்றும், விவாகப் பத்திரத்தில் ராஜையா என்றும், பிள்ளையின் கடவுச்சீட்டில் முதலெழுத்தாக மட்டும் இருப்பதும் எங்கள் ஊரில் சாதாரணம். அங்குள்ள அதிகாரிக்கு அவை மூன்று ஆட்களின் பெயர்கள். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியை ஐ-485 கொடுக்கும் முன்பே தயாரித்து வையுங்கள். மொழிபெயர்ப்பில் முத்திரை, ஓரக் குறிப்பு, பின்பக்கத்தில் எழுதிய திருத்தம் உட்பட ஒன்றும் விடக் கூடாது. முழுமையானதும் சரியானதும் என்றும், இரு மொழியும் தமக்குத் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்ட கூற்று அதன் அடியில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நிறத்தில் ஸ்கான் செய்து பிள்ளைக்கு அனுப்பிவிட்டு, மூலப் பிரதிகளை வீட்டிலேயே வைத்திருங்கள். நேர்முகத்துக்கு அழைத்தால் அப்போது கூரியரில் அனுப்பலாம்.